வாயில் வாடை இல்லை

கடப்பாரை தன் வீட்டுக் கதவைத் தானே உடைத்தான். அதையும் தொழில் சுத்தமாகத்தான் உடைத்தான். முதலில் மேல் கீல், அப்புறம் கீழ்க் கீல், கடைசியில் ஒரு உதை. இருபது வருஷமாகக் கட்டிடம் இடிக்கிறவன் வேறு எப்படி உடைப்பான்? கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டியும் ஒன்பது வயது மகளும் சுவரோடு சுவராக நின்றார்கள்.

"பாட்டில் எங்கடி?"

"ஊத்திட்டேன். போய்த் தொட்டியில நக்கு."

பின்னங்கையால் ஒன்று விட்டான். எட்டுக் கிலோ சம்மட்டியைப் பொழுதன்றைக்கும் தூக்குகிற கை. அவளுடைய முன்பல் ஒன்று முறிந்து தரையில் ஓடியது. அவள் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மகள் மட்டும் குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பல்லை எடுத்து, சட்டையில் துடைத்து, அம்மா கையில் கொடுத்தாள். ஏதோ கம்மல் திருகாணி விழுந்ததை எடுத்துக் கொடுப்பதுபோல. அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு பயமும் இல்லை. பழகிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் கடப்பாரைக்குக் குடித்ததெல்லாம் இறங்கிவிட்டது. இறங்கி என்ன பிரயோஜனம்? பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

போனது அவளுடைய அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் வேறு யாரும் இல்லை, கடப்பாரை வேலை பார்க்கும் இடிப்புக் கும்பலுக்கு மேஸ்திரி. மறுநாள் காலை வேலையிடத்தில் அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே கடப்பாரையின் முகத்தில் அறைந்தார். மூன்று தரம். மூன்றாவது அறையில் மூக்கு உடைந்தது. கும்பலில் பதினோரு பேர் டீக் குடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவனும் விலக்கப் போகவில்லை. விலக்க வேண்டிய சண்டையா அது?

அப்புறம் மேஸ்திரி ஹெல்மெட்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாப்ளே, நல்லாக் கேட்டுக்க. இன்னையிலேர்ந்து நூறு காலை. மேல ஏறுறதுக்கு முன்னாடி என் மூக்குக்கு நேரா ஊது. நூறு நாள் வாடை இல்லாம ஊதிட்டேன்னு வை, என் தங்கச்சியையும் பாப்பாவையும் நானே கூட்டிட்டு வந்து உன் வீட்டுல விடுறேன். நடுவுல ஒரே ஒரு நாள் வாடை அடிச்சாலும் நீ அவளை மறந்துடு."

"சரி மச்சான்," என்றான் கடப்பாரை, ரத்தத்தைத் துப்பிவிட்டு.

ஊதிக் காட்டுவது அந்தக் கும்பலில் புதுசு இல்லை. குடித்தவன் மேலே ஏறினால் அவன் மட்டும் விழ மாட்டான், பக்கத்தில் நிற்பவனையும் இழுத்துக்கொண்டு விழுவான். அதனால் மேஸ்திரி தினமும் எல்லார் வாயையும் மோந்து பார்த்துத்தான் ஏற்றுவார். அவர் மூக்கைப் பற்றிக் கும்பலில் ஒரு பேச்சு உண்டு. நேற்று நீ என்ன தின்றாய் என்று மட்டும் அல்ல, மிச்சம் வைத்தாயா என்றும் அந்த மூக்கு சொல்லிவிடுமாம்.

அந்த மூக்கில் கடப்பாரையின் சம்சாரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் பிறவிக் குடிகாரன் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வயது வரைக்கும் கல்யாணம் காட்சி என்றால் ஒரு டம்ளர், அவ்வளவுதான். அப்புறம் ஒரு வருஷம் அவனுக்குள் ஏதோ ஆரம்பித்தது. பழைய கட்டிடத்தில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். குழாய் உடைந்திருக்காது, கூரை ஒழுகாது, ஆனாலும் சுவர் அடியிலிருந்து நனைந்துகொண்டே வரும். அந்த மாதிரி. காலையில் கண் விழித்ததும் ஏண்டா விழித்தோம் என்று இருக்கும். சிரிப்பவனைப் பார்த்தால் அடிக்கத் தோன்றும். மகள் மடியில் வந்து உட்கார்ந்தால் மூட்டை ஏற்றிய மாதிரி கனக்கும். யாரும் சாகவில்லை, எதுவும் போகவில்லை. காரணம் கேட்டால் அவனுக்கே தெரியாது. காரணம் இல்லாத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது? நெஞ்சு கனக்குது என்றால், "வெயிட்டைக் கொறச்சுத் தூக்கு" என்பார்கள் கும்பலில். அவன் சொல்லவில்லை. குடித்தான். குடித்தால் இரண்டு மணி நேரம் ஓதம் தெரியாது. அப்புறம் இன்னும் ஒரு அடி மேலே ஏறியிருக்கும்.

இதில் எல்லாரும் செய்த தப்பு ஒன்றுதான். பாட்டிலைப் பிடுங்கினால் ஆள் சரியாகிவிடுவான் என்று நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

முதல் பத்து நாள் நரகம். கை ஆடியது, படுக்கை நனைய வியர்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கக் குளியலறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். மேல் வீட்டுக்காரன் வந்து, "என்னய்யா, வீட்டுலயும் இடிப்பு வேலையா?" என்று கேட்டான். கேட்டவனின் சட்டையைப் பிடித்து மாடிப்படியில் உருட்டிவிட்டான். ஆனால் குடிக்கவில்லை. காலையில் மேஸ்திரியின் மூக்குக்கு நேரே ஊதினான். "போ" என்றார் அவர். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று.

வாடை போயிற்று. ஓதம் போகவில்லை. இப்போது அதை மறைக்கவும் ஒன்றும் இல்லை.

பகலில் அவனுக்குச் சோறு இறங்காது. வாயில் வைத்தால் சிமெண்டுத் தூள் மாதிரி இருக்கும். வேலை முடிந்து அந்தக் கதவில்லாத வீட்டுக்குள் நுழைந்ததும் அதே வயிறு பேயாக மாறும். வழியில் வாங்கிய ரொட்டி இரண்டு பாக்கெட், பன்னிரண்டு முட்டை, பானைச் சோறு, பிஸ்கட், சர்க்கரை டப்பா. உட்கார்ந்து தின்பதில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே, யாரோ பிடுங்க வருவதுபோல, ரெண்டு கையாலும் அள்ளித் திணிப்பான். முட்டை ஓட்டோடு கடித்திருக்கிறான். ருசி தெரியாது. நிறுத்தவும் தெரியாது. வயிறு கிழிந்துவிடும் என்கிற இடத்தில் கழிப்பறைக்கு ஓடுவான். எல்லாம் வெளியே வந்து விழும். அதற்கப்புறம் ஒரு பத்து நிமிஷம், பத்தே நிமிஷம், மண்டைக்குள் ஒரு சத்தமும் இருக்காது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அத்தனையும். அது முடிந்ததும் வெட்கம் வந்து கழுத்தை நெரிக்கும். ஒருநாள் அந்த வெட்கத்தில் பானையைச் சுவரில் அடித்து நசுக்கினான். இன்னொரு நாள் ஃபிரிட்ஜை முதுகு கொடுத்துக் கவிழ்த்துவிட்டு, கவிழ்ந்த ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்து அழுதான்.

குடிகாரன் என்றால் ஊருக்குப் புரியும். ஆம்பளைக்கு வருகிற நோய் என்று அதற்கு ஒரு கௌரவம்கூட உண்டு. தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறேன் என்று எந்த ஆம்பளை வெளியே சொல்வான்?

மறுநாள் காலை கால் நடுங்கும், கண் இருட்டும். கம்ப்ரசர் ஓட்டுகிறவன் பார்த்துவிட்டு ஒரு அட்டை மாத்திரையைக் கையில் திணித்தான். "அண்ணே, மேல் வலிக்குப் போடுறது. ரெண்டு போட்டா வலியும் தெரியாது, பசியும் தெரியாது. கவலையே படாதீங்க, மாத்திரைக்கு வாடை கிடையாது."

ரெண்டு நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. மேஸ்திரியின் மூக்குக்கு நேரே கடப்பாரை தைரியமாக ஊதினான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மச்சான் வீட்டு வாசல் வரைக்கும் போகலாம். மகள் வெளியே வருவாள். "அப்பா, எத்தனை?"

"அறுபத்தி நாலு."

"அம்மா கேக்கச் சொல்லலை. நானாத்தான் கேட்டேன்," என்பாள். உள்ளே ஜன்னல் திரை ஆடும். ஒருநாள் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ரொம்ப எளைச்சுட்டாரு. சோறு பொங்கித் திங்கிறாரான்னு கேளு." அவனுக்கு அங்கேயே விழுந்து செத்துப்போகலாம் போல இருந்தது. "நல்லாத் திங்கிறேன்னு சொல்லு," என்றான்.

கும்பலில் எல்லாரும் மெச்சினார்கள். தொப்பை போய்விட்டது, ஆள் இளசாகிவிட்டான், இப்போதுதான் பேருக்கேற்ற மாதிரி கடப்பாரையாகியிருக்கிறான் என்றார்கள். ஒருவன் மட்டும் மெச்சவில்லை. நெட்டை. கடப்பாரைக்கு ஜோடி அவன். ஒரே தளத்தில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்கிறவர்கள். ஜோடிக்குத் தெரியாமல் என்ன இருக்க முடியும்? சம்மட்டி விழும் இடம் தள்ளிப்போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இவர்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தளத்தை உடைக்கும்போது முதலில் கான்கிரீட்டைக் கொத்திப் பொடியாக்கிவிடுவார்கள். மிச்சம் நிற்பது வெறும் கம்பி வலை. அந்தக் கம்பியை வெட்டினால் தளம் தொங்கிக் கீழே போய்விடும். அதனால் வெட்டுவதற்கு முன் ஒருவன் "கம்பி" என்று கத்த வேண்டும். மற்றவன் தளத்தை விட்டுப் பக்கத்து உத்தரத்தில் ஏறி நின்றுகொண்டு "ஏறிட்டேன்" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் வெட்டலாம். இருபது வருஷத்தில் கடப்பாரை ஒரு தரம்கூட அதை மறந்தவன் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் நாள் காலையும் அவன் ஊதினான். மேஸ்திரி அன்றைக்குச் சிரித்தார். "இன்னும் ஒம்பது நாளு மாப்ளே. போய்க் கதவைப் போட்டு வை."

அது நாலாவது மாடி. பழைய ஆபீஸ் கட்டிடம். முந்தின இரண்டு நாளாக ஒரு கவளம்கூடக் கடப்பாரையின் வயிற்றில் தங்கவில்லை. பதினொரு மணிக்கே கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தது. சாப்பாட்டு நேரத்தில் நெட்டை தன் டப்பாவைத் திறந்து அவன் முன்னால் வைத்தான்.

"சாப்பிடு."

"வேணாம்."

"நீ திங்கலைன்னா நான் எறங்கிடுவேன். உன்கூட நிக்க எனக்குப் பயமா இருக்குய்யா."

"பயமா இருந்தா போய்ப் பொண்டாட்டி சேலையைப் பிடிச்சுக்க."

நெட்டை குரலைத் தாழ்த்தவில்லை. "என் பொண்டாட்டி என்கூட இருக்கா. நீ பொண்டாட்டிக்காகத்தானே இப்படிக் காயுற? அவ வரும்போது எதைக் கட்டிப்பா, எலும்பையா? கீழ கழிப்பறையில ஓங்கரிச்சியே, எனக்குக் கேக்கலைன்னு நெனச்சியா? கர்ப்பிணிப் பொம்பளை மாதிரி."

கும்பல் சிரித்தது. சாதாரணச் சிரிப்புதான், தினமும் யாரையாவது பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கடப்பாரை அந்த டப்பாவை ஒரு எத்து விட்டான். நாலு மாடி உயரத்திலிருந்து லிஃப்ட் குழிக்குள் அது விழுந்த சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்புறம் நெட்டையின் தொண்டையைப் பிடித்துத் தூணோடு வைத்து அழுத்தினான். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள். மேஸ்திரி கீழே லாரியோடு இருந்தார், அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பேரையும் இறக்கியிருப்பார்.

திரும்ப வேலைக்குப் போனார்கள். நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டு தளத்தின் அந்த ஓரத்தில் குனிந்து கொத்திக்கொண்டிருந்தான். கடப்பாரை உத்தரத்தில் ஏறிக் கம்பி வெட்டும் மெஷினை எடுத்தான். காதுக்குள் அந்தச் சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நெட்டை இன்னும் தளத்தின் மேல் நிற்கிறான் என்று கண்ணுக்குத் தெரிந்தது. கத்த வேண்டும் என்று தெரிந்தது. கத்தவில்லை.

மெஷினை அழுத்தினான். நாலாவது கம்பியில் தளம் வாயைப் பிளந்தது.

நெட்டை கத்தக்கூட இல்லை. கொத்திப் போட்ட கல்லோடும் மண்ணோடும் மூன்றாவது மாடிக்குப் போய் விழுந்தான். அவன் மேல் இன்னும் கொத்தாமல் கிடந்த ஆறு அடித் துண்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. புகைபோலத் தூசி எழும்பியது. தூசிக்குள் கடப்பாரை குதித்தான். கையாலேயே கல்லைப் பறித்தான். நகம் பெயர்ந்தது. அந்தத் துண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்து, எட்டுப் பேர் தூக்க வேண்டியதைத் தனியாகத் தூக்கினான். அடியில் நெட்டையின் வலது கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. எலும்பு வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கண் திறந்துதான் இருந்தது. கடப்பாரையைப் பார்த்தான்.

மேஸ்திரி படியேறி ஓடிவந்தார். வந்ததும் முதல் காரியமாகக் கடப்பாரையின் தாடையைப் பிடித்து வாயைத் தன் மூக்குக்கு இழுத்தார். "ஊதுடா."

ஊதினான். அவர் கையை விட்டார். அந்த முகத்தில் நிம்மதி வந்ததைக் கடப்பாரை பார்த்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நெட்டையின் தம்பி வந்து சேர்ந்தான். வந்த வேகத்தில் கடப்பாரையின் வயிற்றில் உதைத்தான். விழுந்தவனை ஏறி மிதித்தான். "குடிகார நாயே, எங்க அண்ணனை முடமாக்கிட்டியேடா." விலா எலும்பு ஒன்று நறுக்கென்றது. கடப்பாரை கையைத் தூக்கவில்லை. தடுத்தவர் மேஸ்திரிதான். நடுவில் புகுந்து இரண்டு அடியை வாங்கிக்கொண்டு சொன்னார், "தம்பி, அவன் குடிக்கலை. தொண்ணூத்தியோரு நாளா நான் மோந்து பாக்குறேன். இப்பவும் பாத்தேன். சத்தியமா வாடை இல்லை. தளம் தானா விழுந்துடுச்சு. நம்ம தொழில்ல நடக்குறதுதான்." தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

ஆக, கடப்பாரை குற்றவாளி இல்லை என்று மூக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டி, போட்டது போட்டபடி ஓடிவந்தாள். மூன்று மாசத்துக்கு அப்புறம் அவள் முகத்தைப் பக்கத்தில் பார்க்கிறான். முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை. அவன் நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துப்பட்டாவால் ஒற்றினாள். அண்ணனைப் பார்த்து, "குடிச்சிருந்தாரா?" என்றாள்.

"சுத்தமா இல்லை."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனிடம் திரும்பினாள். "போதுங்க. நூறெல்லாம் வேணாம். நாளைக்கே நானும் பாப்பாவும் வந்துடுறோம். நீங்க தனியாக் கெடந்து சீரழிஞ்சது போதும்."

எதற்காகத் தொண்ணூற்றொரு நாள் ஊதினானோ அது கைக்குள் வந்துவிட்டது. சரி என்று ஒரு சொல் போதும். நெட்டை பிழைத்து வாயைத் திறந்தாலும், கத்தினேன், இரைச்சலில் பதில் வந்த மாதிரி கேட்டது என்று சாதித்துவிடலாம். கடப்பாரை அவள் கையைப் பார்த்தான். அந்தக் கையில்தான் மகள் பல்லை வைத்தாள். இவள் நாளைக்கு வீட்டுக்கு வருவாள். நெட்டையின் தொண்டையைப் பிடித்த அதே கை அங்கே இருக்கும். அடுத்தது பல்லோடு நிற்காது.

"வராத," என்றான்.

"என்ன?"

"வராதன்னு சொல்றேன். நான் கத்தலை. கம்பின்னு கத்தாம வெட்டினேன். அவன் நிக்கிறது தெரிஞ்சே வெட்டினேன்."

மேஸ்திரியின் வாய் பிளந்தது. கடப்பாரை நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப வராது என்று அவனுக்குத் தெரியும். ஜோபியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவர் காலடியில் போட்டான். "இதுக்கு வாடை கிடையாது மச்சான். தெனம் எட்டு. அப்புறம் ராட்சசன் மாதிரி திங்கிறேன். தின்னதை எல்லாம் வாந்தி எடுக்கிறேன். தெனமும். எனக்கே தெரியலை ஏன்னு. குடிக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு என்னமோ ஆயிடுச்சு. காலைல எந்திரிச்சா செத்துப்போகணும்னு இருக்கு. நாலு வருஷமா இருக்கு."

மேஸ்திரி ஓங்கிய கையை அவள் பிடித்துக்கொண்டாள். "அடிச்சுப் பாத்தாச்சுண்ணே. மோந்தும் பாத்தாச்சு."

அவள் அழவில்லை. அவனுக்கு ஆறுதலும் சொல்லவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து, உடைந்த விலாவைப் பார்க்காமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி டாக்டரம்மா மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். "இவருக்கு விலா உடைஞ்சிருக்கு. அது அப்புறம். மனசுலேர்ந்து பாக்கணும், அங்கேர்ந்து ஆரம்பிங்க. சொல்லுங்க, எங்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். குடி எப்போது ஆரம்பித்தது என்று அவர் முதலில் கேட்கவில்லை. தூக்கம் எப்போது கெட்டது என்று கேட்டார். அதை அதுவரைக்கும் அவனிடம் யாரும் கேட்டதில்லை.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. நெட்டைக்குக் கால் கூடிவிட்டது, ஆனால் இரண்டு அங்குலம் கட்டை. அவன் கடப்பாரையோடு பேசுவதில்லை. எதிரில் வந்தால் துப்பிவிட்டுப் போகிறான். விசாரணையில் நடந்ததைக் கடப்பாரை அப்படியே ஒத்துக்கொண்டான், ஏழு மாசம் உள்ளே இருந்து வந்தான். அங்கேயும் மருந்து கொடுத்தார்கள், அங்கேயும் ஒருவன் இவன் தாடையைப் பெயர்த்தான். இனிமேல் அவனை எந்த மேஸ்திரியும் மாடி ஏற்ற மாட்டார். கீழே நின்று, இடிப்பில் வந்த கம்பியை நிமிர்த்துகிறான்.

பெண்டாட்டியும் மகளும் இன்னும் அண்ணன் வீட்டில்தான். எப்போது வருவார்கள் என்று அவன் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. ஆனால் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அவன் அங்கே போயாக வேண்டும். அவள் கடையிலிருந்து வந்து ஒரு தட்டு வைப்பாள். அளவான சோறு, ஒரு முட்டை, ஏதோ ஒரு காய். அவன் எதிரில் உட்கார்ந்துகொண்டு தானும் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு மணி நேரம் அவன் எழுந்திருக்கக் கூடாது. அது டாக்டரம்மா போட்ட சட்டம். சாப்பாடு கஷ்டம் இல்லை, அந்த ஒரு மணி நேரம்தான் கொலை. தின்றதெல்லாம் தொண்டைக்கு ஏறி முட்டும். வியர்க்கும். கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். போன மாசம் ஒருநாள் தாங்க முடியாமல் தட்டைச் சுவரில் அடித்தான். அவள் அசையவில்லை. மகளைக் கூப்பிட்டு விளக்குமாறு கொண்டுவரச் சொல்லி, அவன் கையில் கொடுத்துக் கூட்ட வைத்தாள். கூட்டி முடித்ததும் நாற்காலியைக் காட்டினாள். அதற்கப்புறம் உடையாத ஈயத்தட்டுதான்.

இன்றைக்கும் அப்படித்தான். நாற்பது நிமிஷம் தாண்டியதும் அவன் நெற்றி நரம்பு புடைத்தது.

"போயிட்டு வந்துடுறேனே. முகம் கழுவிட்டு."

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எதையாவது பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. திட்டணும்னா திட்டுங்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளையும் அவள் அண்ணனையும் அவர்கள் வம்சத்தையும் திட்டினான். அவளும் விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள், "மெதுவா திட்டுங்க, எனக்குத் தப்பாகுது," என்றாள்.

அவன் எழுந்தான்.

"உக்காருங்க. இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்கு."

உட்கார்ந்தான்.